மாரவிச்சா, டேவிஸா? கல்லூரிக் கூடைப்பந்துச் சாதனைகளை எந்த அளவுகோலால் அளப்பது

2023 மார்ச் 2, ஒஹையோ மாநிலத்தின் யங்ஸ்டவுன். டெட்ராய்ட் மெர்சி பல்கலைக்கழகத்தின் ஆன்ட்வான் டேவிஸ் அன்று களமிறங்கும்போது அவர் கணக்கில் 3,642 புள்ளிகள் இருந்தன. இன்னும் 25 எடுத்தால், அமெரிக்க ஆண்கள் கல்லூரிக் கூடைப்பந்தின் உயர்தட்டான முதல் டிவிஷனில் மொத்தமாக அதிகப் புள்ளி எடுத்த பீட் மாரவிச்சின் 3,667-ஐத் தொடலாம். 26 எடுத்தால் முந்தலாம். 1970-லிருந்து யாரும் நெருங்காத எண் அது. டேவிஸ் எடுத்தது 22. கடைசி நேரத்தில் அவர் எறிந்த மூன்று புள்ளி ஷாட் உள்ளே போகவில்லை. அணியும் 66-71 என்று தோற்று வெளியேறியது. வேறு ஏதாவது சிறு தொடருக்கு டெட்ராய்ட் மெர்சியை அழைப்பார்களா, இன்னொரு ஆட்டம் கிடைக்குமா என்று சில நாள் பேச்சு ஓடியது. அழைப்பு வரவில்லை. 3,664-லேயே நின்றுவிட்டார்.

அந்த ஷாட் மட்டும் விழுந்திருந்தால் இருவரும் சமம். அப்படிச் சமமாகியிருந்தால் இருவரும் சமமான ஸ்கோரர்கள் என்று ஒப்புக்கொள்வீர்களா? அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தைத் தொடர்கிற நண்பர்கள் மார்ச் மாதம் வந்தாலே என்னிடம் கேட்பவை இரண்டு கேள்விகள். 'யார் பெரிய ஆள், எதை வைத்துச் சொல்வது?' என்பது ஒன்று. 'பிராக்கெட் நிரப்ப வேண்டும், எந்த எண்ணை நம்புவது?' என்பது இன்னொன்று. பிராக்கெட் என்பது மார்ச்சில் தொடங்கும் தேசியத் தொடரில் எந்த ஆட்டத்தை யார் ஜெயிப்பார் என்று முன்கூட்டியே ஊகித்து நிரப்பும் தாள். இரண்டுக்கும் ஒரே அளவுகோலை எடுப்பதில்தான் பாதிச் சண்டை தொடங்குகிறது. கையில் இருக்கும் அளவுகோல்கள் ஐந்து: மொத்தம், சராசரி, ஒரே நாள் உச்சம், அணியின் வெற்றிக் கணக்கு, பொசஷன் கணக்கு.

## முதலில், எதை வைத்து எடைபோடுவது

நான் ஒவ்வொரு எண்ணிடமும் நான்கு கேள்வி கேட்பேன்.

விதி மாறினால் எண் மாறுமா? கல்லூரி ஆட்டத்தில் விதி நிறைய மாறியிருக்கிறது. 1972-73 சீசனுக்கு முன்பு மாரவிச் காலத்தில் முதலாண்டு மாணவர் பிரதான அணியில் ஆட முடியாது. ஷாட் கிளாக், அதாவது பந்து கிடைத்த அணி எறிந்தே ஆக வேண்டிய நேர வரம்பு, 1985-86-ல் 45 விநாடியாக வந்தது. பிறகு 35, 2015-16-லிருந்து 30. மூன்று புள்ளிக் கோடு நாடு முழுக்க வந்தது 1986-87-ல். இடையில், 1967-லிருந்து 1976 வரை, பந்தை வளையத்துக்குள் டங்க் செய்வதே தடை! ஷாட் கிளாக் இல்லாத காலத்தில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு 1973 டிசம்பரில் டென்னசி, டெம்பிள் அணிகள் ஆடிய ஆட்டம் சாட்சி. முடிவு 11-6. அரை நேர ஸ்கோர் இல்லை, முழு ஆட்டத்தின் ஸ்கோர்.

எதிரே நின்றது யார்? பலவீனமான அணிக்கு எதிராக எடுத்த 40-ம் பலமான அணிக்கு எதிராக எடுத்த 40-ம் ஏட்டில் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அணி ஜெயித்ததா?

எண்ணினார்களா? இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நம் ஊர்ப் போட்டிகளில் ஸ்கோர் ஷீட் எழுதியவர்களுக்குத் தெரியும்: தாளில் ஏறுவது புள்ளியும் ஃபவுலும்தான், யார் எத்தனை ரீபவுண்ட் (உள்ளே போகாமல் திரும்பிய பந்தைப் பிடிப்பது) எடுத்தார் என்பது மறுநாள் டீக்கடைப் பேச்சு. அமெரிக்கக் கல்லூரிகளிலும் பிளாக்கும் (எதிரணி ஷாட்டைத் தட்டிவிடுவது) ஸ்டீலும் (பந்தைப் பறிப்பது) அதிகாரபூர்வக் கணக்கில் ஏறியது 1985-86-ல்தான். அந்த சீசனிலேயே நேவி அணியின் டேவிட் ராபின்சன் 207 பிளாக் செய்து சாதனை ஆக்கினார். அவருக்கு முப்பது ஆண்டு முன்பு சான் பிரான்சிஸ்கோவுக்கு ஆடிய பில் ரஸ்ஸல், கேன்சஸுக்கு ஆடிய வில்ட் சேம்பர்லின் இருவரும் எத்தனை ஷாட்டைத் தட்டிவிட்டார்களோ! ஏட்டில் ஒன்றுகூட இல்லை.

## மொத்தப் புள்ளிகள்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் ஏட்டில் முதல் வரியில் இருப்பது இதுதான். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

| | பீட் மாரவிச் | ஆன்ட்வான் டேவிஸ் |
|---|---|---|
| அணி | லூசியானா ஸ்டேட் | டெட்ராய்ட் மெர்சி |
| காலம் | 1967-70, 3 சீசன் | 2018-23, 5 சீசன் |
| ஆட்டங்கள் | 83 | 144 |
| மொத்தப் புள்ளி | 3,667 | 3,664 |
| ஆட்டத்துக்குச் சராசரி | 44.2 | 25.4 |
| மூன்று புள்ளி ஷாட் | கோடே கிடையாது | 588 |
| ஷாட் கிளாக் | கிடையாது | 30 விநாடி |
| பயிற்சியாளர் | அப்பா பிரெஸ் மாரவிச் | அப்பா மைக் டேவிஸ் |

டேவிஸுக்கு ஐந்தாவது சீசன் கிடைத்தது கோவிட் காலச் சலுகையால். மாரவிச்சுக்கு நான்காவது கிடைக்காதது பழைய விதியால். இருவரும் தங்கள் காலத்து விதிப்படிதான் ஆடினார்கள், யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் மொத்தம் என்ற அளவுகோல் இந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாது. டேவிஸின் 588 மூன்று புள்ளி ஷாட்டுகளையும் இரண்டாக எண்ணினால் அவர் மொத்தம் 3,076-க்கு இறங்கிவிடும். மறுபக்கம், மாரவிச் காலத்தில் கோடு இருந்திருந்தால் அவர் எங்கே போயிருப்பார் என்று ஊகக் கணக்குப் போடுபவர்களும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கோடு இருந்திருந்தால் அவரும் வேறு மாதிரி ஆடியிருப்பார், அவரைத் தடுப்பவர்களும் வேறு இடத்தில் நின்றிருப்பார்கள்.

மொத்தக் கணக்கு இன்னொன்றையும் மறைக்கிறது. அது தங்கியவர்களுக்குக் கிடைக்கும் பரிசு. கெவின் டுரான்ட் டெக்சஸில் ஆடியது ஒரே சீசன். கார்மெலோ ஆன்டனி சிராக்கியூஸில் ஒரே சீசன் ஆடி, 2003-ல் கோப்பையை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இவர்கள் மொத்தப் பட்டியலின் உச்சியில் ஒருநாளும் வரமாட்டார்கள். ஸ்டீல் பட்டியலில் 466 என்று முதலிடத்துக்கு வந்த ரிச்மண்டின் ஜேக்கப் கில்யார்டும் ஐந்து சீசன் ஆடியவர்தான்.

ரீபவுண்டில் இந்தச் சிக்கலை ஏடே ஒப்புக்கொண்டுவிட்டது. லா சால் அணியின் டாம் கோலா 1952-55-ல் எடுத்த 2,201-ஐ இன்றைய ஆட்டக்காரர் யாரும் எட்டப்போவதில்லை. அன்று வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்துகளே அவ்வளவு அதிகம். அதனால் 1973-க்கு முன், பின் என்று பட்டியலைப் பிரித்தே போடுகிறார்கள். புள்ளிக்கும் 1986-87-ல் ஒரு கோடு கிழித்தால் என்ன என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

எப்போது மொத்தம் நல்ல தேர்வு? ஒரே காலத்தில், ஒரே விதியில், ஒரே அளவு சீசன் ஆடிய இருவரை ஒப்பிடும்போது. அதோடு, உடம்பைக் காப்பாற்றிக்கொண்டு ஒரே கல்லூரிக்கு யார் நீண்ட காலம் உழைத்தார் என்பது கேள்வியானால் டேவிஸின் 144 ஆட்டத்துக்கு மரியாதை செய்தே ஆக வேண்டும்.

## ஆட்டத்துக்குச் சராசரி

சீசன் எண்ணிக்கைப் பிரச்சினை இதில் தீர்ந்துவிடுகிறது. மாரவிச் 44.2. அவருக்கு அடுத்தபடி நோட்ர டேமின் ஆஸ்டின் கார் 34.6, சின்சினாட்டியின் ஆஸ்கர் ராபர்ட்சன் 33.8. முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் கிட்டத்தட்ட பத்துப் புள்ளி இடைவெளி இருப்பதைப் பார்த்தால் இனிப் பேச ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும்.

அப்புறம்தான் ஷாட் கணக்கைப் பார்க்கிறோம். 83 ஆட்டத்தில் மாரவிச் எறிந்தது 3,166 ஷாட். ஆட்டத்துக்கு 38. அதில் விழுந்தவை 1,387, அதாவது நூற்றுக்கு 44-க்குச் சற்றுக் குறைவு. மகன் எறிய, அப்பா பயிற்சியாளர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். யார் நிறுத்தச் சொல்வது? 1970 பிப்ரவரியில் அலபாமாவுக்கு எதிராக 69 எடுத்தார், அணி 104-106 என்று தோற்றது. அதே மாதம் கென்டக்கிக்கு எதிராக 64, மறுபடியும் தோல்வி, 105-121. அந்த மூன்று சீசனில் லூசியானா ஸ்டேட் 49 ஆட்டம் ஜெயித்து 35 தோற்றது. என்சிஏஏ தொடருக்கு ஒருமுறைகூடப் போகவில்லை.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: அவர் பிரதான அணிக்கு வருவதற்கு முந்தைய சீசனில் அந்த அணியின் கணக்கு 3 வெற்றி, 23 தோல்வி. அங்கிருந்து அடுத்த ஆண்டே 14-12, கடைசி ஆண்டில் 22-10. சுயநலமாக எறிந்தார் என்று ஒரே வார்த்தையில் முடிப்பவர்கள் இந்த 3-23-ஐப் பார்ப்பதே இல்லை.

ராபர்ட்சன் பக்கம் திரும்பினால் கதை வேறு. அவருடைய மூன்று சீசனில் சின்சினாட்டி 79 ஜெயித்து 9 மட்டுமே தோற்றது. சராசரியில் பத்துப் புள்ளி குறைவு, வெற்றியில் முப்பது அதிகம்.

இந்த அளவுகோலின் மறைமுகச் செலவு இதுதான்: எத்தனை ஷாட் செலவழித்து அந்தப் புள்ளி வந்தது என்பதைச் சராசரி தானாகச் சொல்லாது. பக்கத்தில் ஷாட் எண்ணிக்கையும் அணியின் கணக்கும் இருந்தால்தான் அது பயன்படும். அப்படிச் சேர்த்துப் பார்க்கத் தயார் என்றால், காலம் கடந்த ஒப்பீட்டுக்கு இருப்பதில் நல்லது சராசரிதான்.

## ஒரே நாள் உச்சம்

1954 பிப்ரவரி 13. தென் கரோலினாவில் ஃபர்மன் கல்லூரியின் ஃபிராங்க் செல்வி, நியூபெரி அணிக்கு எதிராக 100 புள்ளி எடுத்தார். 41 ஷாட், 18 ஃப்ரீ த்ரோ. கடைசி இரண்டு புள்ளி ஏறக்குறைய மைதானத்தின் நடுவிலிருந்து, நேரம் முடியும் தறுவாயில் எறிந்தது. கென்டக்கியிலிருந்து அவர் அம்மா வந்து பார்த்துக்கொண்டிருந்தார். சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம்.

முதல் டிவிஷன் ஏட்டில் இன்றும் அதுதான் முதலிடம். ஆனால் நியூபெரி சிறிய கல்லூரி, ஸ்கோர் 149-95. இரண்டு அணியும் முதல் டிவிஷனாக இருந்த ஆட்டம் மட்டும்தான் கணக்கு என்றால் சாதனை 72-க்கு இறங்கும்: 1991 ஜனவரி 5, யு.எஸ். இன்டர்நேஷனலின் கெவின் பிராட்ஷா, எதிரணி லயோலா மேரிமவுண்ட். அன்று அவர் அணி தோற்றது, அதுவும் 140-186 என்று. அந்த 186 தனியாக ஒரு சாதனை. தோற்ற அணியின் ஆட்டக்காரர் ஒரு சாதனை, ஜெயித்த அணி இன்னொன்று. யாருமே தடுத்து ஆடவில்லை என்றுதான் இதற்கு அர்த்தம்.

டிவிஷன் பார்க்காமல் போனால் 2012 நவம்பரில் கிரின்னல் கல்லூரியின் ஜாக் டெய்லர் எடுத்த 138 வரும். மூன்றாம் டிவிஷன். எறிந்த ஷாட் 108, அதில் 71 மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து. அது ஒரு திட்டமிட்ட ஆட்ட முறை. திறமையைவிட ஏற்பாடு அதிகம்.

எனக்குப் பிடித்த ஒரே நாள் சாதனைகள் இரண்டும் வேறு ரகம். 1970-ல் என்சிஏஏ தொடரில் ஒஹையோவுக்கு எதிராக ஆஸ்டின் கார் எடுத்த 61 ஒன்று. 1973 இறுதி ஆட்டத்தில் யுசிஎல்ஏவின் பில் வால்டன் மெம்ஃபிஸ் ஸ்டேட்டுக்கு எதிராக 22 ஷாட்டில் 21-ஐப் போட்டு எடுத்த 44 இன்னொன்று. டங்க் தடையில் இருந்த காலம் அது என்பதை நினைத்துக்கொண்டு 22-க்கு 21 என்பதை மறுபடி படியுங்கள். எதிரணி யார், மேடை எது என்ற இரண்டும் கூடவே எழுதப்பட்டிருந்தால் மட்டும் ஒரே நாள் எண்ணை எடுங்கள். இல்லையென்றால் அது வினாடி வினாவுக்கு.

## அணியின் வெற்றிக் கணக்கு

தனி ஆள் புள்ளி வேண்டாம், ஜெயித்தார்களா என்று மட்டும் பார்ப்போம் என்பவர்களின் கட்சி. இவர்களிடம் பலமான ஆதாரம் உண்டு. பயிற்சியாளர் ஜான் வுடனின் யுசிஎல்ஏ 1964-லிருந்து 1975-க்குள் 10 கோப்பை வாங்கியது. 1967-லிருந்து 73 வரை தொடர்ந்து ஏழு. நடுவில் 88 ஆட்டத் தொடர் வெற்றி. அந்தத் தொடர் வெற்றிக்கு முன்பு அவர்கள் கடைசியாகத் தோற்றது 1971 ஜனவரியில் நோட்ர டேமிடம், ஆஸ்டின் கார் 46 புள்ளி எடுத்த நாளில். தொடர் வெற்றி முடிந்ததும் நோட்ர டேமிடம்தான், 1974 ஜனவரி 19-ல். 70-59 என்று முன்னணியில் இருந்தார்கள். கடைசி மூன்றரை நிமிடத்தில் நோட்ர டேம் வரிசையாக 12 புள்ளி எடுத்தது, 71-70.

தோல்வியே இல்லாமல் கோப்பை வாங்கிய கடைசி அணி 1975-76 இண்டியானா, 32-0. பிறகு 1979-ல் இண்டியானா ஸ்டேட், 1991-ல் யுஎன்எல்வி, 2015-ல் கென்டக்கி, 2021-ல் கொன்சாகா என நான்கு அணிகள் தோல்வி இல்லாமல் அரையிறுதிக்கோ இறுதிக்கோ வந்து அங்கே வீழ்ந்தன. கென்டக்கி 38-0 வரை வந்து விஸ்கான்சினிடம் போனது.

இதில் மறைந்திருக்கும் செலவு, தொடரின் அளவு. யுசிஎல்ஏ தொடர்ந்து ஏழு கோப்பை வாங்கிய காலத்தில் தேசியத் தொடரில் இருபத்துச் சொச்சம் அணிகள்தான். அவர்களுக்கு நான்கு ஆட்டம் ஜெயித்தால் கோப்பை. 1985-லிருந்து 64 அணி, ஆறு ஆட்டம். 2011-ல் அது 68 ஆனது. ஏழு கோப்பையின் பெருமை இதனால் குறையாது, ஆனால் 2024-ல் கனெக்டிகட் ஆறு ஆட்டத்தில் மொத்தம் 140 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்ததன் எடை கூடுகிறது.

இன்னொரு செலவு விசித்திரமானது. வெற்றியை ஏட்டிலிருந்து பிறகு அழிப்பார்கள். விதிமீறலுக்காக லூயிவில்லின் 2013 கோப்பையையே நீக்கினார்கள். சிராக்கியூஸ் பயிற்சியாளர் ஜிம் பெஹைம் களத்தில் ஜெயித்தது 1,116, ஏட்டில் 1,015. நீங்கள் கண்ணால் பார்த்த ஆட்டம் நடக்கவே இல்லை என்று ஏடு சொல்லும். எந்த எண்ணை எடுக்கிறீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டு வாதத்துக்குப் போங்கள்.

## பொசஷன் கணக்கு

ஒரு அணி பந்தைக் கைக்கு வாங்கி எதிரணியிடம் விடும் வரை ஒரு பொசஷன். 100 பொசஷனுக்கு எத்தனை புள்ளி எடுத்தார்கள், எத்தனை கொடுத்தார்கள் என்று பார்ப்பதுதான் இந்த முறை. பொசஷனை எப்படி எண்ணுவது? எறிந்த ஷாட்டுகளிலிருந்து, தாங்கள் தவறவிட்டுத் தாங்களே மீட்ட ரீபவுண்டைக் கழித்து, பறிகொடுத்த பந்தைக் கூட்டி, ஃப்ரீ த்ரோ எண்ணிக்கையில் கிட்டத்தட்டப் பாதியைச் சேர்த்தால் போதும், காகிதத்திலேயே போட்டுவிடலாம்.

இது எதற்கு என்பதற்கு லயோலா மேரிமவுண்ட்டே உதாரணம். 1989-90-ல் ஆட்டத்துக்கு 122.4 புள்ளி, முதல் டிவிஷன் சாதனை. கொடுத்தது 108.1! பந்து கிடைத்த சில விநாடிகளில் எறிந்துவிடும் அணி அது; அதனால் இரண்டு பக்கமும் புள்ளி பொங்கும். மறுகோடியில் 2017-18 வர்ஜீனியா, ஆட்டத்துக்கு 54 மட்டுமே கொடுத்தது. தடுப்பு நல்லதுதான், ஆனால் அவர்கள் ஆடிய வேகத்தில் எதிரணிக்குப் பந்தே குறைவாகத்தான் கிடைக்கும். வேகத்தைக் கழித்தால்தான் இரண்டையும் பக்கத்தில் வைக்க முடியும்.

குறை? பழைய காலத்துக்கு இதைப் போட முடியாது. மாரவிச் காலத்தில் பறிகொடுத்த பந்தை யாரும் ஒழுங்காக எண்ணவில்லை. அதோடு, ஒரே இரவில் நாற்பது நிமிடம் ஆடும் ஆட்டத்தை எந்தக் கணக்கும் கட்டிப்போடாது. அதே வர்ஜீனியா 2018 மார்ச் 16-ல் முதல் இடத்துத் தரவரிசையோடு வந்து, 16-ம் இடத்து, அதாவது தொடரின் கடைசித் தரவரிசையில் இருந்த யுஎம்பிசியிடம் 54-74 என்று தோற்றது. பாதி ஆட்டம் வரை 21-21. இரண்டாம் பாதியில் மட்டும் 53 கொடுத்தார்கள். மறு ஆண்டு அதே பாணியில் ஆடிக் கோப்பையை வாங்கினார்கள் என்பதையும் பார்த்தால், கணக்கு பொய் சொல்லவில்லை என்பது புரியும்.

## யாருக்கு எது

பிராக்கெட் நிரப்புபவருக்கு என் பதில் சுருக்கமானது: பொசஷன் கணக்கில், எதிரணியின் பலத்தையும் சேர்த்துச் சரிசெய்த எடுத்த-கொடுத்த வித்தியாசம். ஆட்டத்துக்கு இத்தனை புள்ளி என்று விளம்பரம் செய்யும் அணியைப் பார்த்து மயங்க வேண்டாம். நட்சத்திர ஆட்டக்காரரின் சராசரியையும் அங்கே கொண்டுவர வேண்டாம். டேவிஸ் 2022-23-ல் 28.2 என்று நாட்டிலேயே முதலிடம், அணி 14 ஜெயித்து 19 தோற்றது.

சகாப்தங்களை ஒப்பிடுபவர் அணிக்கு வெற்றிக் கணக்கை எடுக்கட்டும், கூடவே அந்த ஆண்டுத் தொடரில் எத்தனை அணி என்று குறித்துக்கொள்ளட்டும். தனி ஆளுக்குச் சராசரி, ஷாட் எண்ணிக்கையோடு. ரீபவுண்ட், பிளாக், ஸ்டீல் என்றால் எண்ணத் தொடங்கிய ஆண்டுக்கு முன்னால் போகவே வேண்டாம்.

சரி, மாரவிச்சா டேவிஸா? ஸ்கோரர் என்றால் மாரவிச், எனக்கு அதில் தயக்கமே இல்லை. ஒரே ஒரு ஆட்டக்காரரை வைத்து அணி கட்டச் சொன்னால் இருவரையும் விட்டுவிட்டு ராபர்ட்சனிடம் போவேன். ஆனால் யங்ஸ்டவுனில் விழாமல் போன அந்த ஷாட் விழுந்திருந்தாலும் என் பதில் மாறியிருக்காது. மாரவிச் முதலாண்டு மாணவராக லூசியானா ஸ்டேட்டின் முதலாண்டு அணிக்கு ஒரு சீசன் முழுக்க ஆடினார். சராசரி 43.6. விதிப்படி அது பிரதான அணியில்லை என்பதால், அந்த 3,667-ல் அதிலிருந்து ஒரு புள்ளிகூட இல்லை.